கத்திரி வெயிலிலும் கைநிறையக் கீரை!

2 பாத்தி, 4 குடம் தண்ணீர்... கோடைக்கு ஏற்ற கொல்லைத் தோட்டம்

சித்திரை பிறந்துவிட்டால் கிராமத்துச் சமையலறையில் முதலில் காணாமல் போவது கீரைதான். கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கியிருக்கும். வரப்போரம் தானாக முளைத்துக் கிடந்த கீரையெல்லாம் சருகாகியிருக்கும். தை, மாசியில் தளதளவென்று நின்ற பாலக்கும் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் பூத்து முற்றியிருக்கும். சந்தைக்கு வரும் கீரைக்கட்டு சிறுத்து, விலை ஏறி, மதியத்துக்குள் வாடித் தொங்கும். பிள்ளைகள் விடுமுறையில் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடும் நாள்களில்தான் தட்டில் பச்சை இல்லாமல் போகிறது.

இதைச் சின்ன விஷயமாக விட்டுவிட முடியாது. 2019-21-ம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கறியும் மீனும் அடிக்கடி வாங்க முடியாத குடும்பத்துக்கு இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் ‘ஏ’ மூன்றும் மலிவாகக் கிடைக்கும் இடம் கொல்லைப்புறம்தான். அந்தக் கொல்லை வருஷத்தில் 3 மாதம் வெறுமையாகக் கிடப்பது குடும்பத்துக்கு நஷ்டம்.

‘வெயில் காலத்தில் கீரை வராது’ என்று பலரும் நினைக்கிறார்கள். வெயில் ஆகாத கீரைகள் சிலதான். வெயில் இருந்தால்தான் வேகமாக வளரும் கீரைகள் நம் ஊரிலேயே நிறைய இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்து, விதைத்த முதல் 10 நாள்களை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தால் போதும். அதன் பிறகு வெயிலே கீரையை வளர்த்துவிடும்.

எது வராது... ஏன் வராது?

பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கிக்கீரை ஆகியவை பனிக்காலத்துப் பயிர்கள். வெப்பமும் பகல் பொழுதும் கூடும்போது, இவை இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூவெடுக்கும். பூத்தண்டு கிளம்பிவிட்டால் இலை சிறுத்து, நாராகி, கசக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும், உரம் போட்டாலும் அது மாறாது. இவற்றை ஐப்பசிக்குப் பிறகு விதைப்பதே சரி. கோடையில் இந்த விதைகளுக்குச் செலவு செய்யும் தண்ணீரை மற்றவற்றுக்குத் திருப்பிவிடலாம்.

வெயிலை விரும்பும் கீரைகள்

தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை: நான்கும் ஒரே குடும்பம். வெயில் ஏறினால் பெரும்பாலான செடிகள் ஈரத்தைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். உள்ளே போகும் காற்று குறைவதால் வளர்ச்சி தடைப்படும். இந்தக் கீரைகள் கரும்பு, சோளம், மக்காச்சோளம் போன்றவை. கொஞ்சமாகக் கிடைக்கும் கரியமில வாயுவையும் இலைக்குள் சேர்த்துவைத்து உணவு தயாரிக்கும். ‘சி-4’ வகைப் பயிர்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். மற்றவை வதங்கி நிற்கும் நேரத்தில் இவை வளர்ந்துகொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

பருப்புக்கீரை: களை என்று பிடுங்கி எறியப்படும் கீரை. சதைப்பற்றான தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாதபோது பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளவும் இதற்குத் தெரியும். உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஒரு துண்டுத் தண்டைக் கிள்ளி நட்டாலே வேர்பிடிக்கும்.

கொடிப்பசலை: பச்சைத் தண்டு, சிவப்புத் தண்டு என 2 வகை உண்டு. பாலக் கொடுக்க முடியாத மாதங்களில் அந்த இடத்தை நிரப்பும் கீரை. ஒரு சாண் நீளமுள்ள முற்றிய தண்டை நட்டால், 6 வாரத்தில் பறிக்கத் தொடங்கலாம். விதை என்றால் ஓர் இரவு ஊறவைத்து ஊன்ற வேண்டும். பந்தல் அல்லது வேலி தேவை.

புளிச்சக்கீரை: வறட்சியைத் தாங்கும். விதைத்து 40 நாள்கள் வாக்கில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விட்டுத் தொடர்ந்து இலை தரும்.

பொன்னாங்கண்ணி: வெயில் பிரச்னையில்லை, ஈரம் மட்டும் வேண்டும். தண்ணீர்த்தொட்டி, குடிநீர்க்குழாய் அடியில் தண்டுகளை நட்டுவிட்டால் படர்ந்துகொள்ளும். 3 வாரத்துக்கு ஒரு முறை அறுக்கலாம்.

தவசிக்கீரை: வேலியோரம், அரை நிழல் போதும். தண்டு நட்டால் வளரும். ஒரு முறை நட்டால் பல வருஷங்களுக்கு இலை பறிக்கலாம்.

முருங்கை, அகத்தி: கோடைக்குக் காப்பீடு மாதிரி இவை. காய்க்காக வளர்க்கும் முருங்கையோடு, கீரைக்கென்றே ஒரு மரத்தை இடுப்பளவு உயரத்தில் வெட்டிவிட்டால், சுற்றிலும் துளிர்த்துக் கைக்கெட்டும் உயரத்தில் இலை கிடைக்கும். பாத்தியில் விதைத்தது தவறிப்போனாலும் அன்றைய குழம்புக்குக் கீரை இருக்கும்.

தாழ்பாத்தியே கோடைப்பாத்தி

மழைக்காலத்தில் தண்ணீர் வடிய மேட்டுப்பாத்தி போடுவது சரி. கோடையில் அதே மேட்டுப்பாத்தி பக்கவாட்டிலும் காய்ந்து, ஈரத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். எனவே கோடைக்குத் தரையைவிட 3 அங்குலம் தாழ்வாக, சுற்றிலும் சிறு வரப்பு வைத்துப் பாத்தி அமைக்க வேண்டும்.

10 அடி நீளம், 4 அடி அகலத்தில் 2 பாத்திகள் இருந்தால் 4 பேர் உள்ள வீட்டுக்குப் போதும். இரண்டு பக்கமிருந்தும் கைநீட்டிக் களையெடுக்க 4 அடி அகலம் வசதியாக இருக்கும். ஒவ்வொரு பாத்திக்கும் 10 கிலோ நன்கு மக்கிய தொழுவுரம், அரை கிலோ வேப்பம்பிண்ணாக்குக் கலந்து, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திவிட வேண்டும். பச்சைச் சாணம் கூடாது. அது சூட்டைக் கிளப்பும். களை விதைகளையும் கொண்டுவரும். கீரை மூலம் வயிற்றுக்கோளாறுக்கும் வழிவகுக்கும்.

பாத்திகளின் மேற்குப் பக்கம் கொடிப்பசலைப் பந்தலை அமைக்க வேண்டும். பிற்பகல் 3 மணி வெயில்தான் மிகக் கடுமை. அதைப் பந்தல் தடுக்கும். கீரையும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும்.

முதல் பாத்தியை மூன்றாகப் பிரித்து, முளைக்கீரை அல்லது சிறுகீரையை 10 நாள்கள் இடைவெளியில் ஒவ்வொரு பகுதியாக விதைக்கலாம். மூன்றாவது பகுதி வளரும் நேரத்தில் முதல் பகுதி பறிப்புக்கு வந்துவிடும். பறித்த இடத்தில் மறுபடியும் விதைக்கலாம். இரண்டாவது பாத்தியில் பாதி அரைக்கீரை, பாதி புளிச்சக்கீரை போடலாம். பாத்தி ஓரங்களில் பருப்புக்கீரையை விட்டுவிட்டால் அது மண்ணை மூடி ஈரம் காக்கும்.

முதல் 10 நாள்கள்

கோடையில் கீரை தோற்பது பெரும்பாலும் இந்த நாள்களில்தான். மே மாத மதியத்தில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். கீரை விதையோ கடுகைவிடச் சிறியது. மேலாக விழுந்த விதை முளைவிட்ட அன்றே கருகிவிடும். ‘விதை சரியில்லை’ என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் பாதி இப்படிப்பட்டதுதான்.

மாலையில்தான் விதைக்க வேண்டும். பாத்தியை முதல் நாளே நன்றாக நனைத்து வைக்கவும். ஒரு பாத்தி முழுவதற்கும் 2 கிராம், அதாவது அரை டீஸ்பூன் விதை போதும். மூன்றில் ஒரு பகுதிக்கு அதிலும் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கை விதைக்குப் பத்துக் கை மணல் என்ற கணக்கில் கலந்து தூவினால் சீராக விழும். மேலே மண்ணை அள்ளிப் போடக் கூடாது. கையால் லேசாகக் கிளறிவிட்டு, மேலே வைக்கோல் அல்லது தென்னங்கீற்றைப் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

எறும்பு விதையைத் தூக்கிப்போகும். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவிவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு பிடி அரிசி நொய்யைப் போட்டுவிட்டால் அதன் கவனம் அங்கே போய்விடும்.

மூன்றாம் நாள் முளைப்பு தெரியும். உடனே மூடாக்கை எடுக்க வேண்டும். தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். எடுப்பதும் மாலையில்தான். காலையில் எடுத்தால் மதிய வெயிலில் பிஞ்சு நாற்று துவண்டுவிடும். பத்தாம் நாள் வரை காலை 11 மணியிலிருந்து 4 மணி வரை மட்டும், இரண்டு அடி உயரத்தில் கம்பு நட்டுத் தென்னங்கீற்றோ பழைய சேலையோ போட்டு நிழல் கொடுக்கலாம். அதற்குப் பிறகு நிழல் வேண்டாம். தண்டுக்கீரைக் குடும்பத்தை நிழலிலேயே வைத்திருந்தால் தண்டு மெலிந்து, இலை குறைந்துவிடும். நாற்று நெருக்கமாக இருந்தால் 10-ம் நாளில் கலைத்துவிட வேண்டும். பிடுங்கிய நாற்றையே அன்றைக்குப் பொரியல் செய்யலாம்.

தண்ணீர்க் கணக்கு

கடும் கோடையில் பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரை ஆவியாக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 6 லிட்டர் என்று கணக்கு வைக்கலாம். 10 அடிக்கு 4 அடிப் பாத்தி என்பது 3.7 சதுர மீட்டர். அப்படியானால் 22 லிட்டர். 12 லிட்டர் பிடிக்கும் குடத்தில் 2 குடம். இரண்டு பாத்திக்கு 4 குடம். வரிசைகளுக்கு நடுவே சருகு மூடாக்குப் போட்டால் இதிலும் மிச்சமாகும்.

அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், குடிதண்ணீர்ப் பானை கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வாளியில் பிடித்தாலே கணிசமான பங்கு கிடைத்துவிடும். அதை அன்றன்றே, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். சோப்பு கலந்த பாத்திரத் தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் கீரைப்பாத்தியில் விடக் கூடாது. அவற்றை வாழை, கல்வாழை நட்ட குழிக்குத் திருப்பிவிடலாம்.

சூரியன் ஏறுவதற்கு முன் தண்ணீர் விடுவது நல்லது. மதியம் இலை லேசாகத் தொங்குவதைப் பார்த்ததும் பதறி ஊற்ற வேண்டாம். மாலையில் தானாக நிமிர்ந்தால் ஈரம் போதும் என்று அர்த்தம். காலையிலேயே தொங்கினால்தான் தண்ணீர் பற்றாக்குறை.

அறுவடை

முளைக்கீரையை 25 நாள்களில் வேரோடு பிடுங்கலாம். நன்றாக வளர்ந்தால் ஒரு பாத்தியிலிருந்து 3 கிலோ வரை எதிர்பார்க்கலாம். அரைக்கீரையைப் பிடுங்கக் கூடாது. 25-ம் நாளில் தரையிலிருந்து 2 அங்குலம் விட்டு அறுத்தால், அதன் பிறகு 7 முதல் 10 நாள்களுக்கு ஒரு முறை என்று 2, 3 மாதங்கள் வரை துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஒரு கை மண்புழு உரமோ, தண்ணீரில் கலந்த பஞ்சகவ்யாவோ வேரில் கொடுக்கலாம். சாணம் கலந்த கரைசல்களைப் பறிக்கப்போகும் இலைமேல் தெளிக்க வேண்டாம்.

அறுப்பை விடியற்காலையில் வைத்துக்கொண்டால் இலை விறைப்பாக இருக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மாலை வரை வாடாது.

பூச்சிக்கு என்ன செய்வது?

தண்டுக்கீரைக் குடும்பத்தில் முக்கியமான எதிரி, இலைகளைப் பின்னி உள்ளேயிருந்து தின்னும் பச்சைப் புழு. 40 சதுர அடிக்குக் கையே போதும். காலையில் சுருண்ட இலைகளைக் கிள்ளிக் கோழிக்குப் போட்டுவிடலாம். அதிகமானால், 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, வடிகட்டி, சிறிது காதிபார் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். தெளித்த கீரையை ஒரு வாரம் விட்டுப் பறித்து, நன்றாக அலசிச் சமைக்கலாம்.

பருத்திக்கும் கத்தரிக்கும் வாங்கி மிச்சமிருக்கும் ரசாயன மருந்தை ‘கொஞ்சம்தானே’ என்று கீரைக்கு அடிப்பது சில வீடுகளில் நடக்கிறது. அது மிகவும் ஆபத்து. 25 நாள்களில் பறித்து, முழு இலையையும் சாப்பிடும் பயிர் இது. மருந்தின் வீரியம் குறையும் முன்பே தட்டுக்கு வந்துவிடும்.

விதைக்கு எந்தச் செடி?

தளதளவென்று இருக்கும் செடிகளையெல்லாம் சமைத்துவிட்டு, சீக்கிரம் பூத்துப்போன செடியை விதைக்கு விடுவது வழக்கம். இப்படியே சில வருஷங்கள் போனால், வீட்டு விதை முழுவதும் சீக்கிரம் பூக்கும் விதையாகிவிடும். இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வெயிலைத் தாங்கி, கடைசியாகப் பூக்கும் 8, 10 செடிகளுக்கு ஆரம்பத்திலேயே நூல் கட்டி வைத்து, அவற்றைத்தான் விதைக்கு விட வேண்டும். இவை காற்றில் மகரந்தம் பரவும் பயிர்கள். எனவே, ஒரே சமயத்தில் ஒரு ரகத்தை மட்டும் பூக்கவிட்டால் கலப்பு குறையும். கதிர் பழுத்ததும் அறுத்து, நிழலில் காயவைத்துத் தட்டி, சாம்பல் கலந்து மண்கலயத்தில் அல்லது மூடியுள்ள பாட்டிலில் வைக்கலாம்.

சமைக்கும் முன் கவனிக்க...

பருப்புக்கீரை என்று நினைத்து, தரையோடு படரும் பால் செடிகளைப் பறித்துவிடும் வாய்ப்புண்டு. தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை. தூக்கி எறிந்துவிடுங்கள்.

தவசிக்கீரையைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். 1990-களின் மத்தியில் தைவானில் உடல் எடையைக் குறைப்பதற்காக இதைப் பச்சையாகச் சாறெடுத்துத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கூட்டு, பொரியல் என்று மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றிச் சமைப்பதே நல்லது.

கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் ‘சி’ உதவும். கீரையோடு எலுமிச்சைச் சாறு சில சொட்டுப் பிழியலாம், நெல்லிக்காய்த் துவையல் தொட்டுக்கொள்ளலாம். சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் அந்தச் சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கேள்வி - பதில்

‘‘எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறது. கீரை போடலாமா?’’

லேசான உப்பு என்றால் பருப்புக்கீரையும் தண்டுக்கீரையும் தாங்கும். தொழுவுரத்தைக் கூடுதலாகப் போடவும். தினமும் சொட்டுச் சொட்டாகத் தெளித்தால் உப்பு மேலேயே படியும். ஆகவே, வாரத்தில் ஒரு நாள் வேருக்குக் கீழே இறங்கும்படி நிறைய விட வேண்டும். மண்மேல் வெள்ளையாகப் பூத்தால், மண்ணையும் தண்ணீரையும் அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

‘‘நிலம் இல்லை. மொட்டைமாடியில் கோடையில் வளர்க்க முடியுமா?’’

முடியும். ஆனால், மாடியில் வேர் இருக்கும் மண்ணே கொதிக்கும். சிறிய பைகளுக்குப் பதில் அகலமான பெரிய பைகளைப் பயன்படுத்தவும். கறுப்புப் பைகளைத் தவிர்க்கலாம். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் அல்லது பலகைமேல் நெருக்கமாக வைத்து, வெளி வரிசையைச் சாக்கால் சுற்றிவிட்டால் சூடு குறையும். காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் தேவைப்படும். மாடிக்குக் கொடிப்பசலையும் பருப்புக்கீரையும் நல்ல தொடக்கம்.

‘‘சிறுநீரகக் கல் இருப்பவர்கள் இந்தக் கீரைகளைச் சாப்பிடலாமா?’’

தண்டுக்கீரைக் குடும்பம், பசலை, பருப்புக்கீரை ஆகியவற்றில் ஆக்ஸலேட் என்ற பொருள் அதிகம். கல் தொந்தரவு உள்ளவர்கள் அளவைக் குறைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இரு தரப்பினரும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

‘‘இப்போது விதைத்தால் எதுவரை கீரை கிடைக்கும்?’’

சித்திரை முதல் வாரத்தில் விதைத்தால் வைகாசி தொடக்கத்தில் முளைக்கீரை பறிப்புக்கு வரும். கொடிப்பசலையும் புளிச்சக்கீரையும் வைகாசி நடுவில் கைகொடுக்கும். அரைக்கீரை ஆடி வரை வரும். ஆடியில் மழை ஈரம் கிடைத்ததும் பாத்திகளை மேடாக மாற்றிக்கொள்ளலாம். ஐப்பசிக்குப் பிறகு பாலக்குக்கும் கொத்தமல்லிக்கும் அதே பாத்தி தயாராக இருக்கும்.